வாயிற் காமிராவும் வீட்டுக் கணிப்பொறியும்

வீட்டுக் காவலுக்குப் பூட்டும் தாழ்ப்பாளும் போதும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலத்தில் திண்ணையில் ஒரு பெரியவர் அமர்ந்திருப்பார். வருவோர் யார், போவோர் யார் என்பது அவர் கண்ணுக்குத் தப்பாது. இன்றைய நகரங்களின் அடுக்கு மாடிகளில் திண்ணை இல்லை. கணவனும் மனைவியும் அலுவலகத்திற்கும், பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின் வீட்டில் தனித்திருப்போர் முதியோரே. திண்ணைப் பெரியவர் செய்த பணியைப் பல வீடுகளில் இப்பொழுது காமிரா செய்கிறது. காமிரா காண்பவற்றைப் பதிந்து வைத்து, வேண்டும்பொழுது எடுத்துக் காட்டும் பொறுப்பை நம் வீட்டுக் கணிப்பொறியிடமே ஒப்படைக்க இயலும். அதற்குரிய மென்பொருளை அமைப்பது எங்ஙனம், அமைக்குங்கால் கருத்தில் கொள்ள வேண்டியவை யாவை என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

வாயிலைக் காமிராவால் காக்கும் எண்ணம் புதியதன்று. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்னும் செவிலியர், தாம் தனித்திருக்கும் நேரங்களில் கதவைத் தட்டுபவர் யாரென அறிய ஒரு வழி தேடினார். கதவிலுள்ள துளைகளின் வழியே வெளியே நோக்கும் காமிராவையும், உள்ளறையில் அதன் படத்தைக் காட்டும் திரையையும் இணைத்து ஓர் அமைப்பை வகுத்தார். தம் கணவருடன் சேர்ந்து 1966ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1969இல் அதனைப் பெற்றார். பின்னர் 1991இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தின் கணிப்பொறிக் கூடத்தில், காப்பிப் பாத்திரம் ஒன்றின்மேல் ஒரு காமிராவை வைத்தனர். பாத்திரம் வெறுமையாயிருக்கிறதா, நிறைந்திருக்கிறதா என்பதைத் தத்தம் இருக்கையிலிருந்தே அறிந்துகொள்ள ஆய்வாளர்கள் செய்த ஏற்பாடு அது. 1993 முதல் உலகமே அப்பாத்திரத்தை இணையத்தில் கண்டது. 2001இல் அக்காமிரா நிறுத்தப்பட்டது. தனித்திருந்த செவிலியரின் தேவையும், காப்பி விரும்பிய ஆய்வாளர்களின் கணிப்பொறி நுட்பமும் ஒன்றுசேர்ந்ததே இன்று நம் வாயிலில் தொங்கும் காமிரா எனலாம்.

கடைகளில் கிடைக்கும் காமிராக்கள் பல, தாம் எடுத்த படங்களைத் தயாரிப்பாளரின் தொலைதூரக் கிடங்கிற்கு இணையத்தின் வழியே அனுப்பிவிடுகின்றன. இதில் வசதி உண்டு. ஆனால் பெரும்பாலும் மாதச் சந்தா கட்ட நேர்கிறது. இணையம் அறுந்தால் பதிவும் அறுந்து போகலாம். எல்லாவற்றினும் மேலாக, நம் வீட்டுக் காட்சிகள் பிறர் கைக்குச் செல்கின்றன. வீட்டுக் கணிப்பொறியிலேயே பதிவு செய்தால் இக்குறைகள் நீங்கும். எனினும், கிடங்குக்காரர் இதுகாறும் பார்த்துக்கொண்ட வேலைகள் அனைத்தும் நம் தலைமேல் வந்துவிடும் என்பதையும் மறத்தலாகாது. அவ்வேலைகளுள் ஒன்றை நாங்கள் செய்யாது விட்டமையால், குற்றமற்ற ஒருவரின் மனம் புண்பட நேர்ந்தது. அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

முதலில் கணிப்பொறியைப் பற்றி நோக்குவோம். ஓரிரு காமிராக்களுக்குப் புதிய கணிப்பொறி வேண்டுவதில்லை. ஒதுக்கி வைத்த பழைய பொறியே போதும். விண்டோஸ் 10 பதிப்பிற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் நின்றுவிட்டன. ஆதலின் பழைய பொறியில் லினக்ஸ் போன்ற இலவச இயக்க முறைமையை நிறுவிக்கொள்வது நலம். பொறி இரவு பகலாக ஓட வேண்டும் என்பதால் மின்செலவையும் கணக்கிடுதல் வேண்டும். 60 வாட் மின்சாரம் கொள்ளும் பொறி, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட்டும், திங்களுக்கு 43 யூனிட்டும் செலவிடும். கணிப்பொறி, ரௌட்டர், காமிரா மூன்றையும் ஒரு யு.பி.எஸ். கருவியுடன் இணைத்தல் அவசியம். மின்சாரம் நின்ற வேளையில் கண்மூடும் காவலாளியால் பயனில்லை அன்றோ?

அடுத்தது மென்பொருள். லினக்ஸில் இயங்கும் ஜோன்மைண்டர் நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ளது. அதன் மூலநிரல் யாவருக்கும் திறந்திருப்பது. பிரிகேட் என்பது பின்னர் வந்தது; அசைவது மனிதரா, வாகனமா, நாயா என்று இனம் பிரித்துக் காட்ட வல்லது. விண்டோஸில் இயங்கும் புளூ ஐரிஸ் விலை கொடுத்து வாங்க வேண்டியது. எங்கள் இல்லத்தில் ஜோன்மைண்டரை அமைத்தோம். ஆயினும் இங்குக் கூறும் முறை எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

காமிராவை வாங்குமுன் அது ஆன்விஃப் என்னும் பொது இலக்கணத்திற்கு உட்பட்டதா என்று பார்த்தல் வேண்டும். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தம்முள் பேசிக்கொள்ளும் பொருட்டு 2008இல் ஏற்பட்ட இலக்கணம் இது. இதற்கு உட்படாத காமிராக்கள் சில, தம் நிறுவனத்தின் செயலியோடன்றி வேறொன்றோடும் உறவு கொள்ளா. அத்தகைய காமிராவை வாங்கிவிட்டுக் கணிப்பொறியுடன் இணைக்க முயல்வது வீண் உழைப்பு.

காமிராவை ரௌட்டருடன் இணைத்ததும் அதற்கு ஓர் எண்முகவரி கிடைக்கும். அம்முகவரி நாளுக்கு நாள் மாறினால் மென்பொருள் காமிராவைத் தேடித் திகைக்கும். ஆதலின் ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில், இந்தக் காமிராவுக்கு இந்த முகவரியே என்று ஒதுக்கி வைத்துவிட வேண்டும். பின்னர் மென்பொருளில் ‘புதிய காமிரா’ என்னும் பகுதியைத் திறந்து, அம்முகவரியையும், காமிராவின் பயனர் பெயரையும், கடவுச்சொல்லையும், படம் வரும் வழியையும் எழுத வேண்டும். படம் வரும் வழி பெரும்பாலும் ஆர்.டி.எஸ்.பி. என்னும் முறையைச் சார்ந்தது. அவ்வழியின் சரியான வடிவம் காமிராவுடன் வரும் கையேட்டில் இருக்கும். காமிராக்கள் பல, ஒரே காட்சியைப் பெரிய படமாகவும் சிறிய படமாகவும் இரு ஓடைகளில் அனுப்புகின்றன. அசைவைக் கண்டறியச் சிறிய ஓடையையும், பதிந்து வைக்கப் பெரிய ஓடையையும் பயன்படுத்தினால் பழைய பொறியும் திணறாது ஓடும்.

இனி, எப்பொழுது பதிவது என்னும் வினா எழுகிறது. இடைவிடாது பதியலாம், அசைவு கண்டபொழுது மட்டும் பதியலாம். அசைவை மென்பொருள் அறிவது எங்ஙனம்? அது சற்று முன் கண்ட படத்தையும் இப்பொழுது காணும் படத்தையும் புள்ளி புள்ளியாக ஒப்பிடுகிறது. மாறிய புள்ளிகள் நாம் விதித்த அளவை மிஞ்சினால், ஏதோ நிகழ்ந்தது என்று கொள்கிறது. மாறியது மனிதனா, மரக்கிளையின் நிழலா என்பதை எளிய மென்பொருள் அறியாது. எங்கள் காமிரா முதல் நாளில் நூற்றுக்கணக்கான ‘நிகழ்ச்சி’களைப் பதிந்திருந்தது. அவற்றுட் பெரும்பாலானவை எதிரிலுள்ள வேப்பமரம் ஆடியவை. இரவுப் பார்வைக்கென உள்ள அகச்சிவப்பு விளக்கின் முன் ஒரு சிலந்தி வலை பின்னியது. அச்சிலந்தி திரையில் பூதம்போல் தோன்றி விடியுமட்டும் உலாவியது. குளிர்காலத்தில் தில்லியின் மூடுபனி அவ்விளக்கின் ஒளியைச் சிதறச் செய்து, படம் முழுவதையும் வெண்மையாக்கியது.

இத்தொல்லையைக் குறைக்கவே ‘வலயம்’ என்னும் வசதி உள்ளது. திரையில் தோன்றும் காட்சியின்மேல் கோடிட்டு, இப்பகுதியில் அசைவு கண்டால் பதிக, இப்பகுதியைப் பொருட்படுத்தற்க என்று நாம் பணிக்கலாம். எங்கள் கதவுக்கு முன்னுள்ள பகுதியை மட்டும் கவனிக்கச் செய்து, மரத்தை விலக்கினோம். ஒரே ஒரு படத்தில் தோன்றி மறையும் மாறுதலைத் தள்ளி, தொடர்ந்து மூன்று படங்களில் தோன்றுவதையே கணக்கில் கொள்ளுமாறு அமைத்தோம். சிலந்தியை அகற்றத் துடைப்பமே போதுமானதாயிற்று. அசைவு தோன்றுவதற்குச் சில நொடிகள் முன்பிருந்தே பதியுமாறும் அமைக்கலாம். அவ்வாறு செய்யாவிடில், வந்தவர் முகம் விடுபட்டு முதுகு மட்டுமே பதிவாகக் கூடும்.

பதிந்தவற்றை எத்தனை நாள் வைத்திருக்க முடியும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு காமிராவின் ஓடை நொடிக்கு 2 மெகாபிட் என்று கொள்வோம். இடைவிடாது பதிந்தால் நாளொன்றுக்கு 21.6 ஜிகாபைட் இடம் பிடிக்கும். இரண்டு காமிராக்களுக்கு 43.2 ஜிகாபைட். ஆயிரம் ஜிகாபைட் கொண்ட ஹார்டு டிஸ்க் 23 நாளில் நிரம்பிவிடும். நிரம்பும் தறுவாயில் பழையவற்றைத் தானே அழிக்கும் ஏற்பாடு மென்பொருளில் உண்டு. அது செயற்படும் நிலையில் இருக்கிறதா என்பதை உறுதி செய்துகொள்ளல் வேண்டும். இல்லையேல் ஒருநாள் டிஸ்க் நிறைந்து, பதிவு ஓசையின்றி நின்றுபோகும். கணிப்பொறியின் இயக்க முறைமை இருக்கும் டிஸ்க்கிலேயே படங்களையும் சேமித்தால், பொறியே இயங்காமற் போகவும் கூடும். வேறு டிஸ்க் ஒன்றைப் படங்களுக்கென ஒதுக்குதல் சாலச் சிறந்தது.

இதுவரை கூறியவற்றையெல்லாம் நாங்கள் ஒழுங்காகவே செய்திருந்தோம். ஒன்றை மட்டும் கவனியாது விட்டோம். அது கடிகாரம்.

ஒரு மார்கழி மாதத்து நிகழ்ச்சி இது. எங்கள் பிள்ளையின் சைக்கிள் மாடிப்படியின் கீழ் நிற்பது வழக்கம். காமிரா வாயிலை நோக்கியதேயன்றிச் சைக்கிள் நிற்கும் இடத்தை நோக்கியதன்று. முற்பகல் 10 மணிக்கு அண்டை வீட்டார் கண்ட சைக்கிள், நண்பகலில் அங்கே இல்லை. மாலை அலுவலகத்திலிருந்து திரும்பிய நாங்கள் 10 மணிக்கும் 12 மணிக்கும் இடைப்பட்ட பதிவைத் திறந்து பார்த்தோம். அதில் இருந்தது ஒரே நிகழ்ச்சி. எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மையார், 10.30 மணி என்னும் முத்திரையின்கீழ், பெரிய மூட்டை ஒன்றைச் சுமந்துகொண்டு வாயிலைக் கடந்து செல்கிறார். தாம் காலையில் 9 மணிக்கே சென்றுவிட்டதாகவும், பிற்பகல் 3 மணிக்கு மீண்டும் வந்து 4 மணிக்குப் போனதாகவும் அவர் மறுநாள் கூறினார். குளிருக்காகப் பழைய ரஜாய் ஒன்றைத் தாமே அவருக்குக் கட்டிக் கொடுத்ததாக எங்கள் அன்னையாரும் கூறினார். சைக்கிள் மூட்டைக்குள் அடங்காது என்பது எங்களுக்குத் தெரியாததன்று. எனினும் 10.30 மணிக்கு வந்ததை ஏன் மறைக்கிறார், வெளியே யாரேனும் உடன் இருந்தனரோ என்று எண்ணம் ஓடியது. எண்பது வயதை எட்டியவர் நேரத்தை மறந்திருக்கலாம், பொறி மறக்காது என்று கருதினோம். கேள்விகள் சற்றுக் கடுமையாகவே அமைந்துவிட்டன.

உண்மையைக் கண்டவன் எங்கள் பிள்ளை. “நம் வாயில் மேற்குப் பார்த்ததாயிற்றே, காலை பத்தரை மணிக்குக் கதவின்மேல் வெயில் எப்படி விழும்?” என்று அவன் கேட்டான். மீண்டும் பார்த்தோம். கதவு முழுவதும் மாலை வெயில். காலை 5 மணி என்று முத்திரை பெற்ற பதிவைத் திறந்தோம். மார்கழியில் தில்லியில் அந்நேரம் இருள் விலகாது. ஆனால் படத்தில் நன்றாகப் பகல். அதே பதிவில் மேல்மாடி மாணவர் ஒருவர் எங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதும் தெரிந்தது. அவசரமாகக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றவர், வழியில் டயர் பங்க்சர் ஆனமையால் அதைப் பழுது பார்க்கும் கடையில் விட்டிருந்தார். அன்று மாலையே கொண்டுவந்து சேர்த்தார்.

நிகழ்ந்தது இதுதான். லினக்ஸ் பதிப்புகள் சில, நாம் வேறு விதமாகப் பணிக்காதவரை, உலகப் பொது நேரத்தையே தமக்குரிய நேரமாகக் கொள்கின்றன. இந்திய நேரம், கிழக்குத் தீர்க்க ரேகை எண்பத்திரண்டரைப் பாகையை ஒட்டியது. உலகப் பொது நேரத்திற்கு 5 மணி 30 நிமிடம் முற்பட்டது. ஆகவே மாலை 4 மணி எங்கள் பதிவில் காலை 10.30 ஆயிற்று. முற்பகல் 10.30, காலை 5 ஆயிற்று. அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் ஏற்றுக்கொண்டார். ஆயினும், ‘மாஜி சொன்னதை ஏன் நம்பவில்லை?’ என்று இந்தியில் கேட்டார். அதற்கு எங்களிடம் விடை இல்லை.

ஆதலின் மென்பொருளை நிறுவியவுடன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றை இங்கு வற்புறுத்திக் கூறுகிறோம். நேரம் சரியாக உள்ள கைக்கடிகாரம் ஒன்றைக் காமிராவின் முன் பிடித்துக் காட்டுக. பின்னர் அப்பதிவைத் திறந்து, கடிகாரம் காட்டும் நேரமும் படத்தின் மேலுள்ள முத்திரையும் ஒத்திருக்கின்றனவா எனக் காண்க. கணிப்பொறி, மென்பொருள், காமிரா ஆகிய மூன்றிலும் நேர மண்டலம் இந்தியாவினது என்று குறிப்பிடப்பட்டிருத்தல் வேண்டும். தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் இந்திய நேரத்தைக் காத்து வருகிறது. இணையத்தின் வழியே அத்தகைய நம்பத்தக்க நேரத்தோடு பொறிகள் தம்மைத் தாமே சரிபார்த்துக்கொள்ளுமாறு அமைக்க இயலும். மாதம் ஒருமுறையும், நெடுநேரம் மின்சாரம் நின்ற பின்னரும் இச்சோதனையை மீண்டும் செய்தல் நலம்.

காவலாளியையும் காவல் செய்தல் வேண்டும் என்பது அடுத்த பாடம். 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீய நிரல் உலகெங்கும் காமிராக்களையும் ரௌட்டர்களையும் கைப்பற்றியது. அது கையாண்ட தந்திரம் மிக எளியது. தயாரிப்பாளர்கள் இட்டு அனுப்பும் பெயர்களும் கடவுச்சொற்களுமாக ஏறத்தாழ 60 இணைகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தது. மாற்றப்படாத கருவிகள் எல்லாம் அதற்கு அடிமையாயின. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அவ்வடிமைப் படை தொடுத்த தாக்குதலால் அமெரிக்காவில் புகழ்பெற்ற இணையத்தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. ஆகவே காமிராவை இணைத்த முதல் நாளிலேயே கடவுச்சொல்லை மாற்றுக. அலுவலகத்திலிருந்து வீட்டைக் காணும் ஆவலால் ரௌட்டரில் வெளிவாயிலைத் திறந்து விடுவோர் உளர். அது திருடனுக்குச் சாவி கொடுப்பதை ஒக்கும். வி.பி.என். என்னும் மறைவழியை அமைத்து அதன் வழியே மட்டும் நுழைவதே முறை. நம் நாட்டிலும் காமிராக்களின் பாதுகாப்புக்கான கட்டாய விதிகள் 2024 ஏப்ரலில் அரசிதழில் வெளியாகி, 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. எனினும் எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லை எந்த விதியும் காத்துத் தர இயலாது.

இறுதியாக, எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கலாகாது என்பதைச் சிந்தித்தல் வேண்டும். தனிமைக்கான உரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடன் வாழ்வோரின் இசைவின்றி, வீட்டின் வாழும் பகுதிக்குள் காமிரா வைத்தல் அவ்வுரிமைக்கு மாறானது என்று 2025இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் கூறியது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. அண்டை வீட்டாரின் கதவும் சன்னலும் நம் திரையில் விழுமானால் காமிராவைத் திருப்பி வைக்க வேண்டும். திருப்ப இயலாதபொழுது, அப்பகுதியைக் கருமையாக்கி மறைக்கும் மறைப்பு வலயத்தை மென்பொருளில் வரைந்துவிடலாம். வேலைக்கு வருவோரிடமும் இங்குக் காமிரா இருக்கிறது என்று முன்னரே கூறிவிடுதல் நாகரிகம்.

ஏதேனும் குற்றம் நிகழ்ந்து பதிவு சான்றாக வேண்டியிருப்பின், மூலப்பதிவை வெட்டவோ திருத்தவோ கூடாது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, இத்தகைய மின்னணுச் சான்றுடன் உரிய சான்றிதழும் வேண்டும் என்கிறது. பழைய பதிவுகளைத் தானே அழிக்கும் ஏற்பாடு இருப்பதால், வேண்டிய பகுதியை உடனே வேறு டிஸ்க்கில் படியெடுத்துக் காத்தல் வேண்டும்.

எங்கள் வீட்டில் தொடக்கத்தில் இரண்டு காமிராக்கள் இருந்தன. ஒன்று வாயிலில், மற்றொன்று அன்னையார் பகலில் அமர்ந்திருக்கும் கூடத்தில். அவர் விழுந்துவிட்டால் உடனே தெரிய வேண்டுமே என்னும் அக்கறையால் வைத்தது அது. ஒருநாள் அவர், “நான் தலை வாருவதையும் இது பார்க்கிறதா?” என்று கேட்டார். ஆம் என்றோம். மறுநாள் முதல் அவர் கூடத்தில் அமருவதை விட்டு, படுக்கையறையிலேயே இருக்கலானார். இரண்டாவது காமிராவைக் கழற்றிவிட்டோம். அதற்குப் பதிலாக, அவர் கழுத்தில் அணியத்தக்க அழைப்பு மணி ஒன்றை வாங்கினோம். நாள்தோறும் நண்பகலில் தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசுவதென்றும் வைத்துக்கொண்டோம்.

வாயிற் காமிரா இப்பொழுதும் இருக்கிறது. அதன் கடிகாரத்தை மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் பிள்ளை சரிபார்க்கிறான். அந்த அம்மையார் இன்றும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். பிற்பகலில் எங்கள் அன்னையாரும் அவரும் கூடத்தில் அமர்ந்து தேநீர் அருந்துகின்றனர். அது எந்தப் பதிவிலும் இல்லை.